எருமை எழுந்திருக்காத காலை

இரவு வேலை முடிந்து பேருந்தில் கண்ணாடிமேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"டேய், எருமை எழுந்திருக்க மாட்டேங்குது."

"நான் இன்னும் படுக்கவே இல்ல."

"உன்னச் சொல்லலடா. கடை எருமைய. இறங்கி நேரா இங்க வா."

எருமை என்பது அக்கா கடையில் இருக்கும் கம்ப்யூட்டர். மூடிப்போன ஏதோ ஒரு டிசைன் கம்பெனியிலிருந்து பழையதாக வாங்கியது. கறுப்பு நிறம், இரும்பு உடம்பு. இடம் மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டும். வந்த அன்றே அத்தான் அதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார். அத்தான் என்றால் அக்காவின் கணவர். கடை இரண்டு பேருக்கும் சொந்தம்.

பெயர்ப்பலகைக் கடை அது. எருமையில் எழுத்துகளை வடிவமைத்து கட்டர் மெஷினுக்கு அனுப்புவார்கள். கட்டர், பின்பக்கம் பசையுள்ள வினைல் தாளில் எழுத்துகளைச் சுற்றிக் கோடு கிழித்துத் தரும். எழுத்தை விட்டுவிட்டு மிச்சத் தாளை ஊசியால் கிள்ளி உரித்து எடுக்க வேண்டும். அதைச் செய்கிறவனுக்கு ஊசி என்றே பெயர். அவன் வாயும் அப்படித்தான். அக்கா வடிவமைப்பாள். அத்தான் வெளியே போய் அளவெடுப்பார், ஏணி போட்டுப் பலகை மாட்டுவார். காலையில் கடையைத் திறப்பது அத்தான், இரவில் அடைப்பது அக்கா.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். இரவில் ஒரு சர்வர் கூடத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலை. ஏதாவது ஒரு பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால், படித்தவர் ஒருவரைத் தொலைபேசியில் எழுப்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் நான் கம்ப்யூட்டர் தெரிந்தவன். ஆஸ்பத்திரி வாசலில் காவல் நிற்பவனிடம் மருந்து கேட்கிற மாதிரி.

கடைக்குள் போனபோது, வினைல் உரிக்கும் மேசையின்மேல் ஊசி சும்மா உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். உரிக்கும் ஊசியைக் காதில் செருகியிருந்தான்.

"வா ராக்கோழி. வெயில்ல உன்னப் பாக்குறதே அதிசயம்."

"அத்தான் எங்க?"

ஊசி அக்காவைப் பார்த்தான். அக்கா எருமையின் முன் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அந்தாளு அவரு அண்ணன் வீட்டுக்குப் போயாச்சு. நேத்து சாயங்காலம்."

"ஏன்?"

"கேட்டா கோவம் வருது, அதான்."

மிச்சத்தை ஊசி சொன்னான், அக்கா முன்னாலேயே. அத்தானை அவன் அண்ணன் என்பான். ஆஸ்பத்திரி ஒன்றின் புது மாடிக்கு வழிகாட்டிப் பலகைகள் செய்யும் வேலை. அக்காவைக் கேட்காமல் இன்று மாலைக்குள் தருகிறேன் என்று அத்தான் ஒப்பந்தக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அக்கா கத்தினாள். காலையில் வந்து ஷட்டரைத் தூக்கிவிட்டு ஃபேன் காற்றில் உட்காருவது ஒரு வேலையா, நீங்கள் இல்லாவிட்டாலும் இந்தக் கடை ஓடும் என்றாள்.

"அண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? 'ஓட்டு'ன்னாரு. ஒரே வார்த்தை. சட்டையப் போட்டாரு, போயிட்டாரு."

"அவருகிட்ட இருக்குற சாவியையும் எடுத்துட்டுப் போயிட்டாரு," என்றாள் அக்கா. "அதச் சொல்லு. போறதுக்கு முன்னாடி இது பக்கத்துல எவ்ளோ நேரம் நின்னாரு? இங்கதான் என்னமோ பண்ணிட்டுப் போயிருக்காரு. இல்லன்னா ராத்திரி வந்து பண்ணியிருக்காரு. நேத்து வரைக்கும் ஓடின மெஷின் இன்னிக்கு மட்டும் எப்படிடா படுக்கும்?"

அத்தான்மேல் எனக்குப் பெரிய பாசம் என்று சொல்ல முடியாது. வெறுப்பும் இல்லை. மனிதர்கள் கோபத்தில் எதையும் செய்வார்கள் என்பது என் கருத்து. எனக்குத் தூக்கம் வந்தது.

எருமையின் பொத்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரையில் தயாரிப்பாளரின் சின்னம் வந்தது. பிறகு நீலத் திரையில் ஏதோ இரண்டு வரி. படிப்பதற்குள் அணைந்து மறுபடியும் சின்னம். மறுபடியும் நீலம். செத்துப்போகவில்லை. எழுந்து உட்கார்ந்து உட்கார்ந்து படுத்துக்கொண்டிருந்தது.

"எல்லா டிசைனும் இதுலதான்," என்றாள் அக்கா. "ஆஸ்பத்திரியோடது மட்டும் இல்ல. கடை ஆரம்பிச்சதுல இருந்து எல்லாம். உள்ள எதையாவது புடுங்கியிருக்காரான்னு திறந்து பாரு."

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு எருமையைச் சுவரிலிருந்து இழுத்தேன். ஊசி ஒரு பக்கம் பிடித்தான். பின்பக்கம் நான்கு திருகுகள். அவற்றின்மேல் சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருந்தது. தூசியில் வினைல் துணுக்குகள் ஒட்டியிருந்தன, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக. திருகுளியை வைத்ததும் அந்தப் பொருக்கு உடைந்து விழுந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே இன்னும் மோசம். மதர்போர்டுமேல் கம்பளி போர்த்திய மாதிரி தூசி. அதில் ஒரு விரல் தடம்கூட இல்லை.

"இத யாரும் திறக்கல அக்கா. வாங்கினதுல இருந்தே திறக்கலன்னு நெனக்கிறேன்."

"அப்போ திறக்காமயே செஞ்சிருக்காரு."

ஊசி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையைத் துடைத்தான்.

ராம் பட்டைகளைக் கழற்றி, அழிப்பானால் அவற்றின் பல்லைத் தேய்த்து, மறுபடியும் மாட்டினேன். டிஸ்க்குகளுக்குப் போகும் வயர்களைப் பிடுங்கிச் செருகினேன். மெயினைப் போட்டு அமுக்கினேன். சின்னம், நீலம், சின்னம். ஒரு ராம் பட்டையை மட்டும் வைத்துப் பார்த்தேன். பிறகு மற்றதை. அதே கதை. எனக்குத் தெரிந்தது ஏறக்குறைய முடிந்துவிட்டது.

ஒப்பந்தக்காரர் அழைத்தார். அக்கா தொலைபேசியை எடுத்த வேகத்திலேயே குரலை மாற்றினாள்.

"கட்டிங் போயிட்டிருக்கு சார். ஆமா சார். சத்தம் கேக்கலயா? ஃபேன் சத்தத்துல கேக்காது சார்."

வைத்துவிட்டு என் முதுகைப் பார்த்து நின்றாள். திரும்பாமலே என் முதுகுக்கு அது தெரிந்தது.

அப்போது கையில் தகரப் பெட்டியோடு ஒரு ஆள் வந்து ஷட்டருக்குக் கீழே நின்றார். பூட்டுக்காரர். அக்காதான் வரச் சொல்லியிருக்கிறாள்.

"எந்தப் பூட்டும்மா?"

"ஷட்டர் பூட்டு. புதுசு போடணும். கொஞ்சம் இருங்க. இவன் பாத்துச் சொல்லட்டும். அவருதான் கெடுத்தாருன்னு தெரிஞ்சதும் மாத்திடுங்க."

"நான் பூட்டு மாத்துறவன்மா. தீர்ப்பு சொல்றவன் இல்ல."

"உங்கள யாரு கேட்டா? ஸ்டூல்ல உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். ஊசி அவருக்கு விசிறியைத் திருப்பிவிட்டான்.

அக்கா எனக்குப் பக்கத்தில் குனிந்து, அவர் காதில் விழாதபடி சொன்னாள்.

"சண்ட போடுறது வேற. சோத்துல கை வைக்கிறது வேற. வேணும்னு இதச் செஞ்சிருந்தார்னா அவருக்கு இந்தக் கடையில இடமில்ல. கடையில இல்லாத ஆளு வீட்லயும் வேணாம். நான் சும்மா சொல்லல."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு தோழியோடு பேச மாட்டேன் என்றாள், இன்றுவரை பேசவில்லை. அந்தப் பெண் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள்.

வேறு வழி இல்லாமல் டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே எருமையை எழுப்பினேன். அப்படிச் செய்தால் முழுதாக எழுவதற்கு முன்னால் ஓர் அமைப்புத் திரை வரும். நீல நிறம், வெள்ளை எழுத்து. எந்த டிஸ்க்கைப் படிக்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். திரை வந்தது. மேலே தேதி. ஜனவரி முதல் தேதி, எந்த வருஷமென்றால் இந்தக் கடையே இல்லாத வருஷம்.

தேதியைச் சரிசெய்து வெளியே வந்தேன். எழவில்லை. மெயினை இறக்கி, ஏற்றி, மறுபடியும் அந்தத் திரைக்குப் போனேன். மறுபடியும் அதே பழைய ஜனவரி.

இதுமட்டும் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோது தேதியையும் அமைப்புகளையும் அதுதான் நினைவில் வைத்திருக்கும். இதில் அது செத்துவிட்டது. கரண்ட் போனால் எருமைக்கு எல்லாம் மறந்துவிடும்.

"அக்கா, ராத்திரி மெயின இறக்கிட்டுத்தான் போவியா?"

"பின்ன? பழைய கடையில வயர் எரிஞ்சது ஞாபகம் இல்லயா? அதுக்கப்புறம் மெயின இறக்காம ஒரு நாள் போனதில்ல."

"அப்போ இது இன்னிக்கு மட்டும் இல்ல, தினமும் காலைல படுத்திருக்கணுமே."

"நேத்து ஓடிச்சே."

"அதான் கேக்குறேன். காலைல இத யாரு ஆன் பண்ணுவா?"

"அண்ணன்தான்," என்றான் ஊசி. "நான் வரும்போதெல்லாம் இது முன்னாடி உக்காந்திருப்பாரு. இதோ இதே நீலத் திரைதான். அம்புக்குறியத் தட்டிட்டு இருப்பாரு. ஏதோ பழைய கேம்னு நெனச்சேன்."

"கேக்கலயா?"

"முதலாளி கேம் ஆடுறாரான்னு போய்க் கேக்கச் சொல்றியா?"

"நானும் அதத்தானே நேத்து சொன்னேன்," என்றாள் அக்கா. "வேலை செய்யாம உக்காந்திருக்காருன்னு."

நான் எழுந்தேன். "அவருக்கு ஒரு போன் பண்ணு."

"நான் பண்ண மாட்டேன்."

"சரி, நான் பண்றேன்."

"என் முன்னாடி பண்ணாத."

வெளியே போய் நடைபாதையில் நின்றேன். வெயில் கண்ணைக் குத்தியது. அத்தான் உடனே எடுத்தார். பின்னால் குழந்தைகள் கத்தும் சத்தம்.

"என்னடா, ஷிப்ட் முடிஞ்சுதா?"

"அத்தான், எருமை ஆன் ஆகல."

"ஆகாதே," என்றார்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அந்த ஒரு நொடியில் பூட்டுக்காரரை வேலையைத் தொடங்கச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"ஏன் ஆகாது?"

"கிளப்பி விட்டாத்தானே ஆகும்? யாரு கிளப்பினா?"

"கிளப்புறதுன்னா?"

"என்னடா நீ, கம்ப்யூட்டர் ஆளு, என்னக் கேக்குற. டெலீட்டத் தட்டிட்டே ஆன் பண்ணி, உள்ள போயி, ரெண்டு டிஸ்க்கையும் சேத்து விட்டு, சேவ் பண்ணி வெளிய வரணும். பெரிய மெஷின் இல்லயா? சும்மா பொத்தான அமுக்கினா எழுந்திருக்குமா? வண்டிக்குக் கிக்கர் மிதிக்க வேணாமா?"

"இத தினமும் பண்ணுவீங்களா?"

"ஷட்டரத் தினமும்தானே தூக்குறேன்."

"இப்படிப் பண்ணனும்னு யாரு சொன்னது?"

"ஒரு நாள் எழுந்திருக்கல. வித்தவனுக்குப் போன் போட்டேன். இப்படி இப்படிச் செய்ன்னான். செஞ்சேன், ஓடிச்சு. மறுநாளும் அப்படியே நின்னுச்சு. மறுபடியும் செஞ்சேன். சரி, இந்த மாதிரி மெஷினுக்கு இதான் முறை போலன்னு விட்டுட்டேன்."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? அவளுக்குத் தெரியாமயா இருக்கும்? நாள் பூரா அதுலதானே உக்காந்திருக்கா." குரலைத் தாழ்த்தினார். "ரொம்பக் கோவமா இருக்காளா?"

"பூட்டு மாத்த ஆளு வந்திருக்காரு."

சத்தம் போடாதீர்கள் என்று குழந்தைகளை அதட்டினார்.

"நல்ல பூட்டாப் போடச் சொல்லு," என்றார். "ஷட்டர் கீழ்ப்பக்கம் இடது கம்பி வளைஞ்சிருக்கு. அத நிமித்தாம எந்தப் பூட்டு போட்டாலும் சரியா விழாது. நான் தினம் காலால மிதிச்சுத்தான் தூக்குறேன். பூட்டுக்காரர்கிட்ட அதச் சொல்லிடு."

பிறகு அந்த நீலத் திரையில் எங்கே போக வேண்டும் என்று சொன்னார். வரிகளின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. விரல்தான் தெரிந்திருந்தது. இரண்டு தடவை வலது, கீழே, கீழே, எண்டர், ஒரு தடவை மேலே, எண்டர் என்று, கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மாதிரி சொன்னார்.

உள்ளே வந்து அதையே செய்தேன். இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிற வரி அது. அமைப்பு மறந்துபோனால் எருமை இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கும், எதிலும் முழுதாக ஒன்றும் இருக்காது, படுத்துவிடும். மாற்றி, சேமித்து, வெளியே வந்தேன். சின்னம் வந்தது. நீலம் வரவில்லை. அக்காவின் திரை வந்தது, ஆஸ்பத்திரி பலகைகளின் படங்களோடு.

"எழுந்திருச்சிடுச்சு!" என்று ஊசி மேசையிலிருந்து குதித்தான்.

அக்கா என்னைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கோப்பைத் திறந்தாள், கட்டருக்கு அனுப்பினாள். கட்டர் தலையை ஆட்டி ஆட்டி ஓடத் தொடங்கியது. முதல் தாளில் 'அவசரப் பிரிவு' வந்தது. ஊசி அதை இழுத்துப்போட்டு உரிக்க ஆரம்பித்தான். இரண்டாவது தாள் ஓடும்போதுதான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"என்ன கோளாறு?"

சொன்னேன். பேட்டரி செத்தது, அவள் ராத்திரி மெயினை இறக்குவது, காலையில் அவர் கிளப்பி விடுவது. கிக்கர் என்று அவர் சொன்னதையும் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"தினமுமா?"

"தினமும்."

"எவ்ளோ நாளா?"

"கேக்கல."

ஊசி உரித்துக்கொண்டே சொன்னான். "நான் ஒரு மனுஷன கேம் ஆடுறாருன்னு நெனச்சிட்டேன் பாருங்க. அதுவும் தினம் அதே கேமு. ஒரு நாளாவது ஜெயிப்பாரான்னு பாத்தேன்."

அக்கா சிரிக்கவில்லை. ஊசியைத் திட்டவும் இல்லை. திட்டாமல் விடுவது அவள் வழக்கமல்ல.

பூட்டுக்காரர் ஸ்டூலை நகர்த்தினார். "அம்மா, எனக்கு வேற எடம் போகணும். மாத்தணுமா, வேணாமா?"

"அக்கா, கீழ இடது கம்பி வளைஞ்சிருக்காம்," என்றேன். "நிமித்தாம எந்தப் பூட்டும் சரியா விழாதாம். அத்தான்தான் சொன்னாரு. பூட்டு மாத்துறத நான் சொன்னப்புறம்."

அவள் கை மவுஸ்மேல் நின்றது. நின்று, பிறகு நகர்ந்தது.

"கம்பி வளைஞ்சிருக்கா பாருங்க," என்றாள் பூட்டுக்காரரிடம்.

அவர் குனிந்து பார்த்தார். "ஆமாம்மா, நல்லாவே வளைஞ்சிருக்கு. இத்தன நாளு எப்படித் தூக்கினீங்க?"

"அத நிமித்திட்டுப் போங்க. பூட்டு பழசே இருக்கட்டும்."

"ஒரு பூட்டு வியாபாரம் போச்சு," என்றபடி அவர் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்தார்.

பேட்டரி கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும், ஆனால் இப்போது மெஷினை அணைக்க முடியாது, சாயங்காலம் வேலைக்குப் போகும் வழியில் வந்து போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வந்தது. அடுத்தவர்கள் பிரச்சினை என் தூக்கத்தைக் கெடுப்பதில்லை.

சாயங்காலம் போனபோது பலகைகளை ஒப்பந்தக்காரரின் வண்டி எடுத்துப் போய்விட்டிருந்தது. ஊசி கிளம்பிவிட்டான். தரையெங்கும் உரித்த வினைல் சுருள்கள். அக்கா பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் பையிலிருந்து பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"எருமைய அணைச்சிடு. மூடியக் கழட்டி மாட்டினா முடிஞ்சுது. இனிமே காலைல யாரும் கிளப்ப வேண்டியதில்ல. நீயே வந்து பொத்தான அமுக்கலாம்."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பேட்டரியை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். என் சட்டைப் பையில் போட்டாள்.

"இருக்கட்டும்."

"நாளைக்கும் படுத்துக்கும்."

"தெரியும்."

"பைத்தியமா உனக்கு?"

"உன் வேலையப் பாரு."

எருமையை அணைத்தாள். திரை இருண்டதும் தொலைபேசியை எடுத்து நின்றபடியே அழைத்தாள். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார் போல. அவள் ஒன்றும் கேட்கவில்லை, நலம் விசாரிக்கவில்லை.

"நாளைக்கும் எழுந்திருக்காது," என்றாள். "நான் மெயின இறக்கப் போறேன்."

அவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அக்கா "ம்" என்றாள். பிறகு, "கம்பிய நிமித்தியாச்சு, மிதிக்க வேணாம்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

"அவரு வரலன்னா?" என்றேன்.

"வரலன்னா நீ வந்து அதப் போட்டுக் குடு."

மெயினை இறக்கினாள். விசிறி வேகம் குறைந்து நின்றது. நான் வெளியே வந்தேன், அவள் ஷட்டரை இழுத்தாள். அது மடமடவென்று தடையில்லாமல் இறங்கிவிட்டது. வழக்கமாகக் கால்வைத்து அழுத்த வேண்டிய இடத்தில் அவள் கால் தானாக எழும்பி, வேலை இல்லாமல் மறுபடியும் தரையில் இறங்கியது.

பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்தேன்.